பதினைந்து பெற்றோர் தேவை

சந்திரிகாவுக்குத் தன் பெயரைச் சீன எழுத்தில் எழுதத் தெரியும் என்ற உண்மை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வெளிப்பட்டது. பத்து வயதுப் பெண், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, படம் வரைகிற தாளில் கோடு கோடாக இழுத்து, குறுக்கே சிலதைப் போட்டு, "லுக் மம்மி, மை நேம்!" என்று நீட்டினாள். புஷ்பராணிக்கு முதலில் பெருமைதான் வந்தது. பெற்றவளுக்கு வராமல் இருக்குமா? அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் போல இருந்தது.

"ஹூ டாட் யூ, டார்லிங்?"

"இன் சாட்டர்டே கிளாஸ், மம்மி. சைனீஸ் டீச்சர் செஸ் மை ரைட்டிங் இஸ் வெரி நீட்."

"அப்ப தமிழ்ல எழுதிக் காட்டு, பாப்பம்."

பிள்ளை தாயை ஏறிட்டுப் பார்த்தது. கேட்கக்கூடாத எதையோ அம்மா கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. "தமிழா? நோபடி டீச்சஸ் தமிழ், மம்மி."

புஷ்பராணி எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். கத்தரிக்காய் அரை வேக்காட்டில் கிடந்தது, கிடக்கட்டும். பெருமை போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

விஷயம் இதுதான். புஷ்பராணி பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீயில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள் வேலை. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அவள் கணவன் நாகநாதனுக்கும் அப்படியே. டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த வீட்டில் பிள்ளையைத் தனியாகப் பூட்டிவைக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலையில் சீனப் பிள்ளைகளுக்கு மாண்டரின் வகுப்பு நடந்தது. அதற்குப் போகிற தோழியோடு சந்திரிகாவையும் அனுப்பிவிடுவாள். மகள் வெளியே விளையாடிக்கொண்டிருப்பாள் என்பது அவள் கணக்கு. நல்ல மனசுக்காரச் சீன டீச்சரோ, வெயிலில் ஏன் நிற்கிறாய் என்று பிள்ளையை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். வருடம் முழுக்க உட்கார்ந்த பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டதில் என்ன அதிசயம்!

அது எழுபத்தொன்பதாம் வருடம். சந்திரிகாவின் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் ஆங்கிலப் பள்ளியாக இருந்து வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறியது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த அவர்கள் ஆட்கள் ஆங்கிலத்தை வைத்துத்தான் இந்த ஊரில் நாற்காலி பிடித்தவர்கள். ரயில்வேயா, கருவூலமா, தபால் அலுவலகமா, எங்கே எட்டிப் பார்த்தாலும் கண்ணாடி போட்ட ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி உட்கார்ந்திருப்பார். அதனால் அவர்கள் வீடுகளில் முன் அறையில் ஆங்கிலம், அடுப்படியில் தமிழ். பிள்ளையைக் கொஞ்சுவது ஆங்கிலத்தில். கோபம் வந்து ஏசும்போது மட்டும், தங்களை அறியாமல், தமிழ். புஷ்பராணியும் அப்படித்தான் வளர்ந்தாள், அப்படித்தான் வளர்த்தாள். அவளுக்காவது சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்பில் நாலெழுத்து கிடைத்தது. அந்த வகுப்பும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் தலைமையாசிரியை நோர்மாவின் அறைக்குள் நுழைந்தாள். சண்டை போடுவதற்கான ஆயத்தத்தோடுதான் போனாள். பஸ்ஸிலேயே நாலைந்து வாக்கியங்களை மலாயில் கூட்டி வைத்திருந்தாள்.

எல்லோரும் புவான், அதாவது அம்மையார், என்று அழைத்த நோர்மா குண்டானவர், சிரித்த முகக்காரர், விதி என்று வந்துவிட்டால் ஓர் அங்குலம் அசையாதவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "சட்டம் இருக்கிறதே, புவான். பிள்ளைகளின் சொந்த மொழி வகுப்பு. பதினைந்து பிள்ளைகளுக்குப் பெற்றோர் கேட்டால் நான் வகுப்பு வைத்தே ஆகவேண்டும். ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம். சீனப் பெற்றோர் கேட்டார்கள், கொடுத்தேன். உங்கள் ஆட்கள் யாரும் இதுவரை கேட்கவில்லையே!"

புஷ்பராணி கூட்டி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடிக்கப் போன கதவு தானாகத் திறந்துகொண்டால் ஆள் எப்படித் தடுமாறும்? அப்படித் தடுமாறினாள். அறுபத்தொன்றாம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டமாம். இத்தனை வருடமாக உள்ளே போக ஆளில்லாமல் கிடந்திருக்கிறது.

"கையெழுத்து வாங்கி வரட்டுமா?"

"காகிதமே வேண்டாம். நான் முன்பு இருந்த பள்ளியில் ஒருவர் மாமன் மச்சான் கையெழுத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து என் மானத்தை வாங்கிவிட்டார். எனக்கு ஆட்கள் வேண்டும். வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்களை நானே பார்த்து, பேசி, எண்ணிக்கொள்வேன். அன்றைக்குத் தவறினால் அடுத்த வருடத்துக்கு ஆசிரியர் கிடைக்காது."

அடுத்த வருடம் சந்திரிகா ஐந்தாம் வகுப்பு. அதைத் தவறவிட்டால் ஆறாம் வகுப்பு வந்துவிடும், பிறகு பள்ளியை விட்டே போய்விடுவாள். கிடைத்தால் இப்போது, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. புஷ்பராணி அலுவலகத்துக்குத் திரும்பி அன்றைக்கு டைப் அடித்த கடிதங்களில் பாதி தப்பு.

வீட்டில் சொன்னபோது நாகநாதன் பத்திரிகையை இறக்காமலே சிரித்தான். "பதினைஞ்சு பேரா? நம்ம ஆளுங்களா? பதினைஞ்சு பேர் சேர்ந்தா பதினாறு சங்கம் வைப்பாங்களே தவிர வகுப்பு வைக்க மாட்டாங்க லா, புஷ்பா."

"சிரிங்க, சிரிங்க. வச்சுக் காட்டுறன்."

அவள் பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை. நாகநாதனுக்கே அது தெரியும். அவனைக் கல்யாணம் செய்துகொண்டதும் வீட்டாரோடு மல்லுக்கட்டித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். சங்கம் என்றால் பினாங்கில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் சங்கம். தலைவர் ஏரம்பமூர்த்தி கருவூலத்தில் தலைமைக் கிராணியாகக் கொடிகட்டிப் பறந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், குரல் இல்லை. ஒலிபெருக்கி எதிரே இருந்தாலும் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார். அவருடைய பேரனும் அதே பள்ளியில்தான் படித்தான்.

"பிள்ளை, கொஞ்சம் இரும்," என்றார். "அந்தப் பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையளை என்னெண்டு பதிஞ்சிருக்கு? 'மற்றவர்' எண்டு. இந்தியர் எண்டு இல்லை. நாங்கள் சிலோன்காரர். தனிச் சமூகம். இண்டைக்குப் போய் இந்தியரோட வகுப்பில குந்தினால், நாளைக்கு எங்களையும் அதுக்குள்ள போட்டுக் கலக்கிப்போடுவாங்கள். பிறகு எங்களுக்கெண்டு என்ன மிஞ்சும்?"

"ஐயா, வகுப்பு தமிழுக்கு. இந்தியாவுக்கில்ல."

"விசர்க்கதை கதைக்காதையும். ஒருத்தரும் போகத் தேவையில்லை."

கூட்டத்தில் நாலைந்து தலைகள் முதலில் அவள் பக்கமும் பிறகு தலைவர் பக்கமும் ஆடின. வெளியே வந்து சைக்கிளையும் காரையும் எடுக்கும்போது, முன்னே சரி என்று சொல்லியிருந்த தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து, அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது, பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று நழுவினார்கள். புஷ்பராணிக்கு முகம் சுண்டிப்போனது. சொன்னேன் பார்த்தாயா என்று நாகநாதன் குத்திக்காட்டவில்லை. அதற்காக அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

சரி, சொந்தக்காரர்கள் கைவிட்டால் ஊரில் வேறு ஆளில்லையா? பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. தங்கராஜு என்பவன் அங்கே எல்லோருக்கும் வேண்டியவன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. அவன் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் பள்ளியில் படித்தார்கள். புஷ்பராணி வாசலில் போய் நின்றபோது தங்கராஜு அவசர அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஒக்காருங்கம்மா" என்று நாற்காலியைப் போட்டவன், தான் மட்டும் நின்றான்.

"நீங்களும் உக்காருங்க அண்ணே. நான் ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்."

அண்ணே என்றதும் அவன் அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கப்பா தோட்டத்துல இருந்தவரு. அங்க கிராணி ஒங்க ஊரு ஆளு. எங்கப்பாவ ஒரு நாளும் ஒக்கார வச்சுப் பேசினதில்ல. இப்ப ஒங்க புள்ளைங்க ஒக்கார்ற பெஞ்சுல எங்க புள்ளைங்க ஒக்காந்தா, நாளைக்கு ஒரு பேச்சு வராதே?"

 புஷ்பராணி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய் என்று தோன்றியது. "வந்தாலும் வரும், அண்ணே," என்றாள். "வந்தா முதல் ஆளா நான் எழும்பிச் சண்டை போடுவேன். ஆனா இப்ப எங்க ஆளுங்க யாருமே வரல்ல. பெஞ்சுல என் மக மட்டும்தான். அவளுக்கு உங்க புள்ளைங்க பக்கத்துல ஒரு இடம் குடுங்க."

 தங்கராஜு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். "வூட்டுக்கு வூடு நான் சொல்லிக்கிறேன். எங்க பக்கத்துலேருந்து ஒம்போது புள்ளைங்களுக்கு நான் பொறுப்பு."

ஒன்பதும் ஒன்றும் பத்து. இன்னும் ஐந்து வேண்டும். புஷ்பராணி பள்ளிக்கூடத்து இந்தியப் பிள்ளைகளை எல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மீதி இருந்தவர்களில் ஒரு வீட்டில் பஞ்சாபி, ஒரு வீட்டில் மலையாளம், ஒரு வீட்டில் தெலுங்கு. ஐந்து பேருக்கு எங்கே போவது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நாட்கள் ஓடின. தேடினது எல்லாம் பள்ளிக்கு உள்ளே, கிடைத்தது வாசலில்.

பள்ளி வாசலில் தினமும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மார்களில் ஒருத்தி ஜன்னத். தலையில் முக்காடு, உடம்பில் பாஜு குரோங் என்ற தொளதொள மலாய் உடை, கையில் எப்போதும் ஒரு குடை. கணவன் சிக்கந்தருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கடை, சோறும் கலவைக் குழம்பும் விற்கிற கடை. புஷ்பராணி அந்தக் கடையில் எத்தனையோ தடவை பொட்டலம் கட்டி வாங்கியிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மகளைக் கூட்டிப்போக வருகிற அவளும் ஜன்னத்தும் மூன்று வருடமாக வாசலில் நின்று பேசியும் இருக்கிறார்கள். அப்பா கபார், நல்லா இருக்கீங்களா, இன்றைக்கு என்ன வெயில், மழை வரும் போல இருக்கிறது. எல்லாம் மலாயில்.

அன்றைக்கு ஜன்னத்தின் மகன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு வந்தான். இன்னொரு காலில் வெறும் காலுறை, அதுவும் சேற்றில் ஊறியது. ஜன்னத் குடையைக் கீழே போட்டாள்.

"அடேய், இன்னொரு சப்பாத்து எங்கடா? போன வாரந்தானடா வாங்கிக் குடுத்தேன்? கால்ல போடுறதுக்குக் குடுத்தேனா, கால்வாய்ல போடுறதுக்குக் குடுத்தேனா? அத்தா வரட்டும், இன்னிக்கு முதுகுத் தோல உரிச்சு உப்புக்கண்டம் போடச் சொல்றேன்!"

சுத்தமான, தங்குதடையில்லாத, மணிமணியான தமிழ். புஷ்பராணி வாய்க்குள் ஈ போவது தெரியாமல் நின்றாள். நாசி கண்டார் கடைக்காரர் தமிழ் பேசுவார் என்பது அவளுக்குத் தெரியாததா? கடையில் அவரோடு தமிழில்தானே பேசினாள்! அந்தத் தமிழை அவள் ஒரு நாளும் தமிழ்க் கணக்கில் சேர்த்ததில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் கேட்கிற மாதிரியே அவள் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

"நீங்க... தமிழா? முஸ்லிமுன்னுல்ல நெனச்சேன்?"

ஜன்னத் மகனின் காதை விடாமலே திரும்பினாள். "அதென்னக்கா கேள்வி? அஞ்சு வேளை தொழுவுறேன், நாள் பூரா தமிழ் பேசுறேன். இதுல எத விடணுங்கிறீங்க?" அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க மட்டும் என்னவாம்? மகளக் கூப்பிடுறதே இங்கிலீஷ்ல. பாவம், இந்தம்மாவுக்குத் தமிழ் வராது போலன்னு நெனச்சுல்ல நான் மூணு வருஷமா மலாய்ல பேசிக்கிட்டு இருக்கேன்!"

இரண்டு பேரும் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பையன் இதுதான் சமயம் என்று காதை விடுவித்துக்கொண்டு ஓடினான்.

விஷயத்தைச் சொன்னதும் ஜன்னத் சிரிப்பை நிறுத்தினாள். "எங்கள்ல பாதிப் பேரு புள்ளைங்கள மலாய்க்காரப் புள்ளைங்கன்னே பள்ளியோடத்துல பதிஞ்சிட்டாங்க. மிச்சப் பேர யாரும் தமிழ்னு கூப்பிடுறதில்ல. எங்களுக்கு இப்பிடி ஒரு வகுப்பு கேக்கலாம்னே தெரியாது. எங்க கடை போர்டு தமிழ்ல இருக்குக்கா. அவங்க அத்தாவோட அத்தா எழுதி மாட்டுனது. இவனுக்கு அதப் படிக்கத் தெரியல. நாளைக்குக் கடைப் பேரே படிக்கத் தெரியாத மொதலாளியாவா கல்லாவுல ஒக்காருவான்?"

"அப்ப வருவீங்களா?"

"மத்தியானம் மதராஸா இருக்கு, அதுல கை வைக்கக் கூடாது. சனிக்கிழமை காலைன்னா சரி. இன்னொண்ணு. வகுப்புல சாமி பாட்டு மட்டுமே சொல்லிக் குடுத்தா வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க."

"மொழி மட்டும்தான். நான் தலைமையாசிரியைகிட்ட பேசி உறுதி வாங்கித் தர்றேன்."

"அப்பச் சரி. எத்தன பேரு கொறையுது, அஞ்சா?" ஜன்னத் குடையை எடுத்து உதறினாள். "எங்க சாலையில வந்து கேக்காம எங்கெல்லாமோ அலைஞ்சிருக்கீங்களே அக்கா!"

குறித்த சனிக்கிழமை வந்தது. புஷ்பராணி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விடிகாலையிலேயே குளித்து, மகளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, எட்டரைக்கே மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.  ஒன்பது மணிக்கு நோர்மா வந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்தார்.

துறைமுகத்து ஆட்கள் சொன்ன சொல் தவறவில்லை. முந்தின நாள் ஒரு கப்பல் வந்திருந்ததால் பல தகப்பன்மார் வேலையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகத் தாய்மார்கள் வந்தார்கள். சிலர் அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. தங்கராஜு இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தான். தோளில் கோதுமை மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவன் முன் வரிசையில், நட்ட நடுவில், காலை நீட்டி உட்கார்ந்தான்.

ஜன்னத்தைக் காணோம். புஷ்பராணி வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

நோர்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கேள்வி ஒன்றுதான். "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

"தமிழ்," என்றான் தங்கராஜு.

"தமிழ்." "தமிழ்ங்க, வேற என்ன?" "பாசா தமிழ், சிக்கு," என்றாள் ஒருத்தி, டீச்சரை மலாயில் விளித்து. வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒன்பதையும் எண்ணி முடித்து நோர்மா நிமிர்ந்தார். "அடுத்து நீங்கள், புவான்."

புஷ்பராணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரையெல்லாம் கூட்டியவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. பொய் சொல்லலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் எதிரே இருந்தது நோர்மா. பின்னால் இருந்தது தங்கராஜு. அவனிடம் பொய் சொல்லாமல் வாங்கிய ஒன்பது பேர் இவர்கள்.

"ஆங்கிலம்," என்றாள். 

நோர்மா பென்சிலைக் கீழே வைத்தார். "புவான், இந்த வகுப்பு சொந்த மொழிக்கு. நான் எப்படி உங்களை எண்ணுவது?"

 அந்த நேரம் பார்த்தா சந்திரிகா உள்ளே ஓடிவர வேண்டும்? ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்கியது, ரிப்பனைக் காணோம், வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். புஷ்பராணி இருந்த இடத்தையும் மறந்தாள், இருந்த கவலையையும் மறந்தாள்.

"என்ன கோலமடி இது! விடிய எழும்பி எண்ணெய் வச்சு இழைச்சு விட்டனே, ஒரு மணித்தியாலம் தாங்காதா? சட்டையைப் பார், சேத்தில பிரண்ட எருமைக்கண்டு மாதிரி! ரிப்பன் எங்க? எங்கயடி ரிப்பன்?"

"கிணத்தடியில விழுந்திட்டுது, அம்மா," என்றது பிள்ளை, தமிழில், தலையைக் குனிந்துகொண்டு.

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. நோர்மாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். "என் அம்மா ஜாவாக்காரர். எங்களிடம் மலாய்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ஜாவா மொழி. பிள்ளையை ஏசுகிற மொழிதான் சொந்த மொழி, புவான். உங்களை எண்ணிவிட்டேன். பத்து."

புஷ்பராணி பொத்தென்று உட்கார்ந்தாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் அழுகை வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். கண்ணீரைத் துடைத்து முடிப்பதற்குள் வாசலில் மணிச்சத்தம். ஒன்றன் பின் ஒன்றாக நாலு திரிஷா, ஆள் மிதிக்கிற மூன்று சக்கர வண்டிகள்.

"மன்னிச்சுக்குங்கக்கா! சும்மா எப்பிடி வர்றதுன்னு பொட்டலம் கட்டுறதுல நேரமாயிருச்சு!" ஜன்னத் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முக்காடு போட்ட பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள். கடைசித் திரிஷாவில் சிக்கந்தர், மடியில் ஒரு கூடை நிறைய நாசி கண்டார் பொட்டலங்களோடு. மண்டபம் முழுக்கக் குழம்பு வாசனை. ஐந்து கேட்டவளுக்குப் பதினொன்று கொண்டுவந்திருந்தாள் அந்த மகராசி. நோர்மா கேட்டார், அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்: தமிழ், தமிழ், தமிழ். பதினைந்து எப்போது வந்தது, எப்போது கடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. தங்கராஜு எழுந்து போய்ச் சிக்கந்தரின் கூடையை வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் வாசலில் ஒரு கனத்த தொண்டைக் கனைப்பு கேட்டது. ஏரம்பமூர்த்தி, கோட்டும் டையுமாக, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாகநாதன், வேலைக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு. அவர்களுக்குப் பின்னால் கல்யாணத்துக்கும் பல் டாக்டரிடமும் போயிருக்க வேண்டிய தாய்மார்கள்.

"தலைவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்தாரு," என்றான் நாகநாதன் மனைவியின் காதில். "திரிஷா ஒவ்வொண்ணா வர வர முகம் மாறிச்சு. நான் கூப்பிடவே இல்ல."

ஏரம்பமூர்த்தி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். முன் வரிசையில் துறைமுகம். அடுத்த வரிசையில் பள்ளிவாசல் சாலை. "தமிழுக்கெண்டு ஒரு கூட்டம் கூடினால், அதில யாழ்ப்பாணத்தான் இல்லையெண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது, பிள்ளை," என்றார் உரத்த குரலில். உட்கார இடம் தேடினார். தங்கராஜுவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. ஒரு கணம் நின்றார். தங்கராஜு நாற்காலியில் இருந்த மாவைக் கையால் தட்டிவிட்டு, "ஒக்காருங்க ஐயா," என்றான். அவர் உட்கார்ந்தார்.

நோர்மா எழுந்து கரும்பலகைப் பக்கம் போனார். "ஜனவரியில் வகுப்பு உண்டு," என்றார் மலாயில். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இனி ஒரு சின்னப் பிரச்சினை. வகுப்புக்கு என்ன பெயர் போடுவது? என் பதிவில் உங்களில் சிலர் இந்தியர். சிலர் மற்றவர். இங்கே சில பிள்ளைகள் மலாய்க்காரர் என்றே இருக்கிறார்கள். இந்தியர் வகுப்பு என்று எழுதட்டுமா?"

ஏரம்பமூர்த்தியின் மூக்கு விடைத்தது. ஜன்னத்தோடு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கராஜு தலையைச் சொறிந்தான். புஷ்பராணி ஏரம்பமூர்த்தியையும் ஜன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை பாடுபட்டுக் கூட்டி வந்தது ஒரு பெயரில் கலைந்து போகப்போகிறதா?

கலையவில்லை. "தமிழ்!" என்றான் தங்கராஜு. அவன் சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தின் எல்லா மூலையிலிருந்தும் அதே சொல் வந்தது. சிக்கந்தர் சொன்னார், தாய்மார்கள் சொன்னார்கள், நாகநாதன் சொன்னான், என்னவென்று தெரியாமலே பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். புஷ்பராணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை, அவ்வளவு சந்தோஷமாகவும் சொன்னதில்லை.

நோர்மா சிரித்துக்கொண்டே சாக்கட்டியை நீட்டினார். "சரி, சரி. உங்கள் எழுத்தில் நீங்களே எழுதுங்கள்."

எல்லாரிலும் உரத்து ஒலித்தது ஏரம்பமூர்த்தியின் குரல்தான். எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "தமிழ் எண்டு எழுதுங்கோ, பெரிசா எழுதுங்கோ!" என்று அவர் முழங்கி முடிப்பதற்குள் ஜன்னத் சாக்கட்டியை வாங்கிக் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டாள்.